தாகம், ஆடிய பல், மண்டையோட்டில் ஓட்டை: மூன்றும் ஒன்றுதான் என்று தெரிய 19 மாதம்

2022 சித்திரையில் ஒரு சனிக்கிழமை எனக்குத் தாகம் தொடங்கியது. கிழமை எப்படி நினைவிருக்கிறது என்று பின்னால் ஒரு டாக்டரே கேட்டார். கரூரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சனிக்கிழமை கூலி கொடுக்கும் நாள். கவரில் பணம் போட்டுக்கொண்டிருந்தவள் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை எழுந்து தண்ணீர் கேனுக்குப் போனேன். கரூர் வெயில் தெரிந்தவர்களுக்குச் சித்திரையில் தண்ணீர் தவிப்பது ஒரு நோயாகவே தோன்றாது. ஆனால் மழை வந்த பிறகும் அது போகவில்லை. சும்மா தண்ணீர் ஆகாது, ஃபிரிட்ஜ் தண்ணீர்தான் வேண்டும். இரவில் ஆறு தடவை எழுந்து பாத்ரூம், ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து ஒரு செம்பு தண்ணீர். பஸ்ஸில் ஏறவே பயம். குளித்தலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். வீட்டுக்காரர் சார்ஜாவில். மகள் அப்போது ஒன்பதாவது. யாரிடம் சொல்ல? எதைச் சொல்ல? தண்ணீர் அதிகம் குடிக்கிறேன் என்றா?

முதலில் பார்த்த டாக்டர் சுகர் டெஸ்ட் எழுதினார். வெறும் வயிற்றில் 88. "சுகரே இல்லம்மா, சந்தோஷமா போங்க" என்றார். இரண்டாமவர் சிறுநீர்த் தொற்று என்று ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் வெளிநாட்டுலயா?" என்று கேட்டு, தூங்குவதற்கும் மனசுக்கும் சேர்த்து ஒரு மாத்திரை எழுதினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று நானே நம்பத் தொடங்கியதுதான் அதில் கொடுமை. அப்போது நான் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை உண்டு, காசே ஆகாத வேலை. ஒரு நாள் முழுக்க, காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை, குடிப்பதையும் வெளியே போவதையும் ஓர் அளவுக் குவளையில் அளந்து எழுதுவது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் மூன்று லிட்டருக்கு மேல் சிறுநீர் போனால் அது மனப்பிரமை இல்லை, காரணம் தேட வேண்டிய விஷயம். ஒன்றரை வருடம் கழித்து நான் அளந்தபோது எட்டரை லிட்டர் வந்தது. "நிறைய தண்ணி குடிக்கிறேன் டாக்டர்" என்று சொல்வதற்கும் "எட்டரை லிட்டர்" என்று ஒரு தாளை நீட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த வருடம் புரட்டாசியில் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டும் ஆட ஆரம்பித்தன. எனக்கு 37 வயது, சொத்தைப் பல் ஒன்றுகூடக் கிடையாது. ஈறு நோய் என்றார்கள், ஆழமாகச் சுத்தம் செய்தார்கள், ஆட்டம் நிற்கவில்லை. இரண்டையும் பிடுங்கினார்கள். பிடுங்கிய இடம் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. பல் எக்ஸ்ரேவில் தாடை எலும்பு கரைந்திருந்தது. பல் அந்தரத்தில் நிற்பது போல இருக்கிறது என்று பல் டாக்டரே சொன்னார். சொல்லிவிட்டு, ஆறியதும் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று விலைப்பட்டியலைக் கொடுத்தார். எனக்கு அதில் 22,000 ரூபாய் போனது. அவரிடம் தாகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போய் யாராவது தாகத்தைப் பற்றிப் பேசுவார்களா?

தை மாதம் தலை சீவும்போது வலது காதுக்கு மேலே சீப்பு பட்டு உயிர் போனது. தொட்டால் மெத்தென்று ஒரு வீக்கம். எக்ஸ்ரேவில் மண்டையோட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவு கறுப்பு வட்டம், விளிம்பெல்லாம் சுத்தமாக, பேப்பரில் பஞ்ச் போட்டது மாதிரி. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எக்ஸ்ரே பையன் என்னைப் பார்க்காமல், "டாக்டர்கிட்ட காமிச்சிருங்கக்கா" என்று மட்டும் சொன்னான். அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சதை டெஸ்ட் எடுக்கப் பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் வாயில் எதுவும் படக்கூடாது, தண்ணீர்கூட வேண்டாம் என்றார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு ராத்திரி. எனக்கு அது நரகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அறையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் துணைக்கு வந்த அம்மா எடுத்து மறைத்துவிட்டாள். "ஒரு ராத்திரி பொறுத்துக்க கண்ணு" என்றாள். மூன்று மணிக்கு அவள் தூங்கியதும் பாத்ரூமுக்குப் போய், வாஷ்பேசின் குழாயில் வாயை வைத்துக் குடித்தேன். ஐந்து மணிக்கு மறுபடியும். மயக்க டாக்டரிடம் சொல்லவில்லை. பயத்தில் செய்த முட்டாள்தனம், மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஏழு மணிக்கு முதல் கேஸ் என்றவர்கள் பதினொன்று வரை கூப்பிடவில்லை. அதற்குள் எனக்குப் பேச்சு குழறத் தொடங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 156. இருக்க வேண்டியது 135-லிருந்து 145. டிரிப் ஏற்றி, ஆபரேஷனை மறுநாளுக்குத் தள்ளினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் "சோடியம் அதிகம், சரிசெய்யப்பட்டது" என்று ஒரே வரி. ஒரு ராத்திரி தண்ணீர் இல்லாததற்கு ஏன் இவளுக்கு இப்படி ஆனது என்று யாரும் கேட்கவில்லை. தாகம் இருக்கிறவர்கள் எந்த ஆபரேஷனுக்கு முன்னாலும் மயக்க டாக்டரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். இப்போதெல்லாம் வெறும் தண்ணீரை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரைகூட அனுமதிக்கிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அதன் சாரம்: கிரானுலோமா (அழற்சி செல்களின் திரள்) இருக்கிறது, இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் நிறைய இருக்கின்றன, காசநோயாக இருக்கலாம், நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும். கடைசியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி: தேவைப்பட்டால் ஐஎச்சி செய்யலாம். நான் அந்த வரியைப் படித்தேன், மருந்து பெயர் ஏதோ என்று நினைத்தேன். டாக்டர் படித்தாரா தெரியாது. அவர்மேல் முழுப் பழியும் போட எனக்கு மனசில்லை. நம் ஊரில் எலும்பில் ஓட்டையும் கிரானுலோமாவும் சேர்ந்து வந்தால் நூற்றுக்கு எத்தனையோ பேருக்கு டிபிதான். ஆனால் டிபியை உறுதி செய்யும் வழி இருந்தது, அதை அடைத்தது எங்கள் அவசரம். எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டார்கள். ஃபார்மலினில் விழுந்த சதையில் கிருமி வளராது, கல்ச்சர் செய்ய முடியாது. ஒரு துண்டை ஃபார்மலினில், இன்னொரு துண்டை வெறும் சலைனில் என்று இரண்டு பாட்டிலாகப் பிரித்து அனுப்பச் சொல்லி ஆபரேஷனுக்கு முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, நான்தான் கேட்கத் தெரியாமல் இருந்தேன்.

2023 மார்ச்சில் டிபி மருந்து தொடங்கியது. மருந்து அரசாங்கத்தில் இலவசம், அதற்குக் காசு போகவில்லை. போனது உடம்பு. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு முதல் சில மணி நேரம் லேசாகத் தெரிந்து, அப்புறம் வெறும் தண்ணீராகப் போனது. எட்டு லிட்டரில் எந்தச் சாயம் நிற்கும்? அதைக்கூட நான் "நமக்கு மருந்து ஒத்துக்கொள்கிறது" என்று எடுத்துக்கொண்டேன். பசி செத்தது, 61 கிலோவிலிருந்து 53-க்கு வந்தேன். அலுவலகத்தில் டிபி என்று தெரிந்ததும் என் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். எலும்பில் வருவது அடுத்தவருக்குத் தொற்றாது என்று விளக்கிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். நான்காவது மாதம் மண்டை வீக்கம் பெரிதானது. மருந்து வேலை செய்யும்போது சிலருக்கு முதலில் அப்படி வீங்கும் என்றார்கள். அப்படி நடப்பதும் உண்டுதான். ஆனால் ஐந்தாவது மாதம் இடுப்பெலும்பில் புதிதாக வலி வந்தபோது, மருந்து வேலை செய்யவில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. சிகிச்சை நடக்கும்போதே புது இடத்தில் நோய் வந்தால், "எந்த மருந்தை மாற்றலாம்" என்பதற்கு முன்னால் "நோய் அதுதானா" என்று கேளுங்கள். நான் கேட்க இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு மாதத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது, பயந்துகொண்டு நானே இழுத்தது.

கடைசியில் மாதவிடாய் நின்றுபோனதற்காகத்தான் ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் போனேன். போகும் முன் மகள் ஒரு வேலை செய்தாள். பள்ளிக்கூடத்தில் வரலாற்றுக்குக் காலக்கோடு போடுவார்களே, அது மாதிரி ஒரு வெள்ளைத் தாளில் கோடு கிழித்து, "அம்மா, எது எப்ப வந்துச்சுன்னு சொல்லு" என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். சித்திரை தாகம். புரட்டாசி பல். தை மண்டை. மாசி சோடியம். ஆவணி இடுப்பு. ஒரே பக்கம். டாக்டர் என் கட்டு ஃபைலை ஒதுக்கிவிட்டு அந்தத் தாளை எடுத்துப் படித்தார். "தாகம் ஆரம்பிச்ச நாளையே சொல்ல முடியுதா?" என்றார். சனிக்கிழமை, கூலி நாள் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். சிறுநீர் அளவைக் கட்டுக்குள் வைக்க மூளையிலிருந்து வரும் வாசோபிரசின் ஹார்மோன் நின்றுபோனால் தாகம் பெரும்பாலும் இப்படித்தான் பொட்டென்று ஒரு நாளில் வரும் என்று விளக்கினார். எழுந்து வந்து என் மண்டையைத் தடவிப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல் பிடுங்கிய இடத்தைப் பார்த்தார். "ஏம்மா, இது எல்லாம் ஏன் ஒரே வியாதியா இருக்கக்கூடாது?" என்றார். ஒன்றரை வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். எம்.ஆர்.ஐ.யில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் காம்பு தடித்திருந்தது, சுரப்பியின் பின்பக்கத்தில் வெள்ளையாக மின்ன வேண்டிய புள்ளி இல்லை. டிபியிலும் காம்பு தடிக்கலாம், அதனால் படத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன், பழைய சதையின் பிளாக் எங்கே என்றார்.

பிளாக் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நாம் கொடுக்கும் சதை ஸ்லைடோடு முடிந்துவிடுவதில்லை. அதை மெழுகில் பதித்து, தீப்பெட்டியில் பாதி அளவு பிளாஸ்டிக் சட்டத்தில் கட்டியாக வைத்திருப்பார்கள், வருடக்கணக்கில் லேபில் இருக்கும். அதிலிருந்து மறுபடி மறுபடி மெல்லிய சீவல் எடுத்துப் புதிய டெஸ்ட் செய்யலாம். இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை. எழுதிக் கொடுத்துக் கேட்டால் நோயாளிக்குத் தருவார்கள். எனக்கு ஆதார் நகல், ஒரு விண்ணப்பம், 1,000 ரூபாய் டெபாசிட். லேபில் இருந்த வயதான ஊழியர் பேரேட்டில் எண்ணைத் தேடி, இழுப்பறையிலிருந்து எடுத்து, என்னிடம் கையெழுத்து வாங்கினார். "வெயில்ல காருக்குள்ள வச்சிட்டுப் போயிராதீங்க, மெழுகு எளகிரும்" என்று எச்சரித்தார். டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஏழு மாதமாக நான் டிபி மாத்திரை விழுங்கிக்கொண்டும் விட்டுவிட்டும் இருந்தபோது, பதில் அந்த இழுப்பறையில் எண் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஐஎச்சி என்பது செல்லின் மேலும் உள்ளும் இருக்கும் அடையாளப் புரதங்களுக்கு நிறம் ஏற்றிப் பார்ப்பது. சாதாரணச் சாயத்தில் ஒன்றுபோலத் தெரியும் செல்கள் இதில் பிரிந்துவிடும். எனக்கு சிடி1ஏ, லாங்கரின், எஸ்-100 மூன்றும் பாசிட்டிவ். பெயர் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ், சுருக்கமாக எல்சிஎச். ரிப்போர்ட் கொடுத்த நோய்க்குறியியல் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். எனக்கு முதலில் ஊதா நிறக் குப்பையாகத்தான் தெரிந்தது. "நடுவுல கோடு விழுந்த மாதிரி தெரியுதா? காப்பிக்கொட்டை மாதிரி?" என்றார். தெரிந்தது. ஒன்று தெரிந்ததும் எங்கு பார்த்தாலும் காப்பிக்கொட்டை. ஸ்லைடு முழுக்கக் கொட்டிவிட்ட மாதிரி. பக்கத்தில் டம்ளரில் அவருடைய காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தோலிலும் திசுக்களிலும் காவல் நின்று, உள்ளே வரும் கிருமியைப் பிடித்து நோய் எதிர்ப்புப் படைக்குக் காட்டிக்கொடுக்கும் செல்கள் உண்டு. 1868-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் அவற்றைத் தோலில் முதலில் பார்த்தபோது நரம்பு செல் என்றுதான் நினைத்தார். கண்டுபிடித்தவருக்கே தப்பியது என்பது எனக்கு ஓர் ஆறுதல். அந்த செல்களைப் போன்றவை கட்டுப்பாடில்லாமல் பெருகி எலும்பிலும் பிட்யூட்டரியிலும் குவிவதுதான் இந்த நோய். குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும். பெரியவர்களில் வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேர். இது புற்றுநோயா, வெறும் அழற்சியா என்று நீண்ட காலம் சண்டை இருந்தது. 2010-ல் பாதிக்கும் மேற்பட்டவர்களின் செல்களில் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்த பிறகு புற்றுநோய்ப் பக்கம் சாய்ந்தது. எனக்கும் அந்த மாற்றம் இருந்தது. எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்க ஆசிட்டில் போட்டால் மரபணு டெஸ்ட் சரியாக வராதாம்; என் சதையில் மெத்தென்ற பாகத்தைத் தனியாக வைத்திருந்தது யார் செய்த புண்ணியமோ. இதே குடும்பத்தில் எர்டைம்-செஸ்டர், ஹிஸ்டியோசைட்டிக் சார்கோமா என்று இன்னும் அரிதானவையும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மார்க்கர், அதாவது அடையாளப் புரத டெஸ்ட். அதைப் போடாமல் கண்ணால் மட்டும் பார்த்தால் டிபி, லிம்போமா என்று எதையாவது சொல்லிவிட்டுப் போக இடம் உண்டு. ஐஎச்சிக்கு 6,800, பிராஃப் டெஸ்டுக்கு 9,000. அதற்கு முன்னால் தவறான வழியில் நான் தொலைத்தது இரண்டு லட்சத்துச் சொச்சம், இரண்டு வளையல், இரண்டு பல்.

பெட் ஸ்கேனில் ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை மூன்றும் தப்பியிருந்தன. அவை கெட்டால்தான் ஆபத்து அதிகம். புகை பிடிப்பீர்களா, வீட்டில் யாராவது பிடிப்பார்களா என்று துருவிக் கேட்டார்கள். பெரியவர்களுக்கு நுரையீரலில் இது வருவதற்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு உண்டு. எனக்கு நுரையீரல் சுத்தம். சைட்டராபின் என்ற கீமோ ஊசி, மாதம் ஐந்து நாள், ஒரு வருடம். அதை எழுத ஆரம்பித்தால் வேறு கதை, இங்கே வேண்டாம்.

இன்சூரன்ஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அலுவலகப் பாலிசியில் முதல் கிளெய்மைத் திருப்பி அனுப்பினார்கள், இது புற்றுநோய்ப் பட்டியலில் இல்லையாம். டிஸ்சார்ஜ் தாளில் வெறும் "ஹிஸ்டியோசைட்டோசிஸ்" என்று எழுதியிருந்ததுதான் காரணம். நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டின் பத்தாம் பதிப்பில் (ஐசிடி-10) இந்த நோய் பழைய இடத்திலிருந்து புற்றுநோய்ப் பிரிவான சி-க்கு மாற்றப்பட்டுவிட்டது. பல உறுப்புகளில் இருந்தால் சி96.0, ஒரே உறுப்பு மண்டலத்தில் பல இடம் என்றால் சி96.5, ஒரே இடம் என்றால் சி96.6. டாக்டரிடம் முழுப் பெயரும் சி96.0-ம் எழுதி வாங்கிக் கொடுத்ததும் ஆறு வாரத்தில் பணம் வந்தது.

தாகம் மட்டும் போகாது. பிட்யூட்டரியில் போனது போனதுதான், வாசோபிரசினுக்குப் பதிலாக டெஸ்மோபிரசின் மாத்திரை வாழ்நாள் முழுக்க. அளவு கூடி, கூடவே தண்ணீரும் அதிகம் குடித்தால் சோடியம் தலைகீழாக இறங்கும், அதையும் கவனிக்க வேண்டும். இதற்கு ரொம்ப நாளாக டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று பெயர். ஊசி போட ஒரு முறை சேர்ந்தபோது ஃபைலில் "டயாபடீஸ்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நர்ஸ் என் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார், இரண்டு வேளை விரலில் குத்தி சுகர் பார்த்தார், மாத்திரையை மட்டும் கொடுக்க மறந்தார். இந்தக் குழப்பத்துக்காகவே 2022-ல் வாசோபிரசின் குறைபாடு என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். நான் இப்போது பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்: "எனக்கு சுகர் இல்லை. வாசோபிரசின் குறைபாடு. தண்ணீரை நிறுத்தாதீர்கள். டெஸ்மோபிரசின் தவறக்கூடாது." மகள் கையெழுத்து, லேமினேட் செய்தது.

போன மாதம் அந்த பிளாக்கைத் திருப்பிக் கொடுக்கப் பழைய லேபுக்குப் போனேன். அதே ஊழியர். பேரேட்டில் என் கையெழுத்தைக் கண்டுபிடித்து, எதிரே தேதி போட்டு, 1,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். இழுப்பறையைத் திறந்தவர் பிளாக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "என்னன்னு வந்துச்சுங்க?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி ஒரு தடவை மெதுவாகச் சொல்லச் சொல்லி, பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டார். "லாங்கர் ஆன்ஸ்" என்று பிரித்துத்தான் எழுதினார். நான் திருத்தவில்லை.